டெசால்டர் எமல்ஷன்: உங்கள் யூனிட்டில் நடந்ததைச் சொல்லுங்கள்

இரவுஷிஃப்ட்:
பஸ்ரா ஹெவி என்ற கனமான ஈராக் க்ரூடோடு (கச்சா எண்ணெய்) ஸ்லாப், அதாவது ரிஃபைனரியில் சேரும் கழிவு எண்ணெய், கலந்து ஓட்டியவர்களுக்குப் புரியும் என்பதால் நேராக விஷயத்துக்கு வருகிறேன். டேங்க் மாற்றிய கொஞ்ச நேரத்தில் டெசால்டரில், அதாவது க்ரூடைத் தண்ணீரால் கழுவி மின்புலத்தால் உப்பையும் தண்ணீரையும் பிரிக்கும் பாத்திரத்தில், ட்ரான்ஸ்ஃபார்மர் ஆம்ப்ஸ் ஏறத் தொடங்கியது, கிரிட் (உள்ளே இருக்கும் மின்முனை) வோல்டேஜ் விழுந்தது. பேனலில் இன்டர்ஃபேஸ் (எண்ணெயும் தண்ணீரும் சந்திக்கும் மட்டம்) மட்டும் 50 சதவீதத்தில் ஆடாமல் அசையாமல் நிற்கிறது. இன்றும் என்னை அரிப்பது அதுதான்.

ட்ரைகாக்குகளை, அதாவது வெவ்வேறு உயரத்தில் இருக்கும் சாம்பிள் குழாய்களை, திறக்கச் சொன்னேன். எண்ணெய் வர வேண்டிய காக்கில் பழுப்பு நிறக் கூழ், எண்ணெயும் தண்ணீரும் பிரியாத எமல்ஷன். அதற்குக் கீழேயும் அதே கூழ். அடிக் காக்கில்கூடத் தெளிந்த தண்ணீர் இல்லை. ஃபீல்டில் இருந்தவர் பாட்டிலை டார்ச் வெளிச்சத்தில் சாய்த்துக் காட்டினார். உள்ளே இருந்தது நகரவே இல்லை. மட்டத்தை அளக்கும் டிஸ்ப்ளேசருக்கு எண்ணெய், தண்ணீர் என்று இரண்டு அடர்த்திதான் தெரியும். நடுவே ராக் லேயர் என்ற எமல்ஷன் அடுக்கு தடித்துவிட்டால் சராசரியாக ஏதோ ஒரு எண்ணைக் காட்டிவிட்டு நிம்மதியாக இருக்கும்.

தண்ணீரையும் க்ரூடையும் கலக்கும் மிக்சிங் வால்வின் டெல்டா பி-யை (அழுத்த வித்தியாசம்) பாதியாக்கினோம், எமல்ஷனை உடைக்கும் டீமல்சிஃபையர் டோசை ஏற்றினோம், இன்டர்ஃபேஸை இறக்கினோம், பழைய டேங்குக்கே திரும்பினோம். விடியும்போது ஆம்ப்ஸ் இறங்கியது. டேங்க் ஃபார்ம் லாக்கில் அந்த டேங்க் செட்டில் ஆகி, தண்ணீர் வடித்தாயிற்று என்றுதான் எழுதியிருந்தது. உங்களுக்கும் இப்படி நடந்ததா?

ஈடிபிகரை:
"இன்டர்ஃபேஸை இறக்கினோம்" என்று ஒரே வரியில் முடித்துவிட்டீர்கள். இறக்கியது எங்கே போனது சார்? பிரைனோடு (டெசால்டர் வெளியேற்றும் உப்புத் தண்ணீர்) எங்கள் ஈடிபிக்குத்தான், கழிவுநீர் சுத்திகரிப்புக்கு. எங்கள் பக்கத்தில் ஒரு விடியற்காலை எண்ணெயை மிதக்கவிட்டுப் பிரிக்கும் ஏபிஐ செப்பரேட்டருக்கு வரும் வாய்க்கால் முழுக்கக் கறுப்பாக வந்தது, பக்கத்தில் நிற்க முடியாத அளவு பென்சீன் வாடை. ஸ்கிம்மர் ஓடிக்கொண்டுதான் இருந்தது, ஆனால் எமல்ஷனாக வரும் எண்ணெய் மேலே மிதந்தால்தானே வழித்தெடுக்க முடியும்? அது அப்படியே பயோ பக்கம் போய்விட்டது. அங்கே இருக்கும் பாக்டீரியா செத்தால் திரும்ப வளர்க்க எவ்வளவு காலம் ஆகும் என்று சிடியு (க்ரூடைக் காய்ச்சி வடிக்கும் யூனிட்) பேனலில் உட்கார்ந்திருப்பவர்கள் யாரும் கேட்பதில்லை. போன் செய்தபோது வந்த பதில்: "எங்கள் பிரைன் கிளியர்."

பழையபேனல்:
டோசை ஏற்றினோம் என்று படித்ததும் எழுதாமல் இருக்க முடியவில்லை. தம்பி, டீமல்சிஃபையர் அளவு மீறினால் அதுவே எமல்ஷனைக் கட்டிப்பிடித்து நிறுத்தும். எல்லோரும் முதலில் கை வைப்பது அந்த பம்பில்தான்.

என் அனுபவம் சின்னது. க்ரூட் மாறவில்லை, டேங்க் மாறவில்லை, ஆனாலும் எமல்ஷன். கெமிக்கல் கம்பெனிக்காரர் டோசை ஏற்றிக்கொண்டே இருந்தார். கடைசியில் ஒருவர் க்ரூடைக் கழுவ விடும் வாஷ் வாட்டரில் பிஎச் தாளை நனைத்துத் தூக்கினார். 9-ஐத் தாண்டிய கருநீலம். கழிவுநீரிலிருந்து அம்மோனியாவை நீக்கும் சவர் வாட்டர் ஸ்ட்ரிப்பர் சரியாக ஓடாமல், அம்மோனியா அப்படியே வாஷ் வாட்டரில் வந்துகொண்டிருந்தது. நாஃப்தெனிக் அமிலம் உள்ள க்ரூடில் அந்த பிஎச் வந்தால் உள்ளேயே சோப்பு உருவாகும். சோப்பு இருக்கும்வரை எண்ணெயும் தண்ணீரும் பிரியாது. அதோடு போகாமல் அம்மோனியா க்ரூடில் ஏறி வடிப்புக் கோபுர உச்சியான ஓவர்ஹெட் வரைக்கும் போய், அங்கே அம்மோனியம் குளோரைடு உப்பாகப் படியும்.

ஆகவே கேளுங்கள். முதலில் வாஷ் வாட்டர் பிஎச். 6-க்கும் 8-க்கும் இடையில் வையுங்கள். அப்புறம் வெப்பநிலை: கனமான க்ரூடுக்கு 130 முதல் 150 டிகிரி வேண்டும், ப்ரீஹீட் எக்சேஞ்சர் அழுக்காகிக் குறைந்திருந்தால் பிசுக்கு குறையாது, துளிகள் இறங்காது. ரொம்ப ஏற்றினாலும் க்ரூடின் மின்கடத்துத் திறன் கூடி ஆம்ப்ஸ் ஏறும், அதையும் கவனியுங்கள். மட் வாஷைத் தள்ளிப்போடாதீர்கள். அடியில் மண் சேரச் சேரத் தண்ணீர் தங்கும் நேரம் குறைகிறது, நுண்ணிய திடப்பொருள்தான் ராக் லேயரின் எலும்புக்கூடு. பாரஃபினிக் லேசான க்ரூடை அஸ்ஃபால்ட்டீன் (தார் போன்ற கனமான பொருள்) மிகுந்த க்ரூடோடு கலக்கும்முன் லேபில் ஒத்துப்போகுமா என்று பாருங்கள். அஸ்ஃபால்ட்டீன் வெளியே விழுந்தால் டெசால்டர் எதுவும் செய்ய முடியாது. ஸ்லாப் என்றால் அவசரமே கூடாது. தனி டேங்கில் சூடாக்கிப் பிரித்து, கொஞ்சம் கொஞ்சமாக, பல நாளைக்குப் பரப்பி விட வேண்டும்.

ஈடிபி நண்பரே, உங்கள் கோபம் நியாயம். ஆனால் அந்தத் தண்ணீர் கிரிட் வரை ஏறி, க்ரூடோடு ஃபர்னஸ் பக்கம் போயிருந்தால் நீராவியாக வெடித்து வடிப்புக் கோபுரத்தின் தட்டுகளையே பெயர்த்திருக்கும். இறக்காமல் வேறென்ன செய்வார்கள்?

லேப்மேசை:
எங்களுக்கு நடந்தது நேர் எதிர். டெசால்டர் அருமையாக ஓடியது, டெசால்ட்டட் க்ரூடில் உப்பு 1 பிடிபி-க்கு (ஆயிரம் பேரலுக்கு ஒரு பவுண்ட்) கீழே. அப்படியிருந்தும் ஓவர்ஹெட் பூட் வாட்டரில் (கோபுர உச்சி ஆவி குளிர்ந்து சேரும் தண்ணீர்) ஒவ்வொரு சாம்பிளுக்கும் குளோரைடு கூடுகிறது, பிஎச் விழுகிறது. சிடியு இன்சார்ஜ் என் மேசைக்கே வந்து, "உங்கள் டெஸ்ட் தப்பு, திரும்பப் போடுங்கள்" என்று நின்றார். அவர் கண்ணெதிரே போட்டேன். அதே எண். அவர் முகம் இன்னும் நினைவில் இருக்கிறது.

உப்புச் சோதனை மின்கடத்துத் திறனை வைத்து அளப்பது. ஆர்கானிக் குளோரைடு அதில் தெரியாது, தண்ணீரிலும் கரையாது, டெசால்டர் அதைப் பிடிக்கவே பிடிக்காது. நாப்தாவை எடுத்து ஆர்கானிக் குளோரைடு சோதனையான ஏஎஸ்டிஎம் டி4929 போட்டபோதுதான் வெளியே வந்தது. 2019 ஏப்ரலில் ரஷ்யாவின் துருஷ்பா பைப்லைனில் வந்ததும் இதே வில்லங்கம். 10 பிபிஎம் வரம்பை எத்தனையோ மடங்கு மீறி, ஐரோப்பாவுக்குப் போகும் எண்ணெயே நின்றது. பழையபேனல் சார் சொன்ன பட்டியலில் இது இல்லை. தயவுசெய்து சேர்த்துக்கொள்ளுங்கள்.

வளைகுடாஆபரேட்டர்:
எங்களுக்கு ஆப்பிரிக்காவின் சாட் நாட்டு டோபா க்ரூட். அதில் சிக்கல் கால்சியம் நாஃப்தெனேட். வாஷ் வாட்டரில் அமிலம் சேர்த்துத்தான் கால்சியத்தை இறக்கினோம். க்ரூடில் குறைந்தது உண்மை. பிரைன் எக்சேஞ்சரைத் திறந்தபோது டியூபுக்குள் விரல் நுழையாத அளவு வெள்ளைப் படிவு. எந்த அமிலம் போடுகிறோம் என்பதை பிரைன் பக்கத்தையும் பார்த்து முடிவு செய்யுங்கள்.

இரவுஷிஃப்ட்:
பழையபேனல் சார், அன்று வாஷ் வாட்டர் பிஎச் 7-ஐ ஒட்டித்தான் இருந்தது, லேப் ரிப்போர்ட் கையில் இருக்கிறது. எங்கள் சிக்கல் ஸ்லாப்தான் என்று இப்போதும் உறுதியாகச் சொல்வேன். எமல்ஷனாகவே டேங்குக்குள் வந்த தண்ணீர், எத்தனை நாள் வைத்தாலும் அடியில் வடியாது. லாக்கில் எழுதியவர் பொய் எழுதவில்லை, வடிந்ததை வடித்திருக்கிறார். அதனால் இப்போது மேல், நடு, அடி என்று மூன்று மட்டத்திலும் சாம்பிள் பார்க்காமல் டேங்கை வாங்குவதில்லை. ஈடிபிகரை சொன்னதும் சரி. இன்டர்ஃபேஸை இறக்கும்முன் அவர்களுக்குச் சொன்னால் பிரைனை வேறு டேங்குக்குத் திருப்ப நேரம் கிடைக்கும்.

ஒரு கேள்வி. அடர்த்தியை அடுக்கடுக்காகக் காட்டும் கதிரியக்க ப்ரொஃபைலர் யாராவது போட்டிருக்கிறீர்களா? பாத்திரத்தில் மண் படிந்த பிறகும் ராக் லேயரைச் சரியாகக் காட்டுகிறதா?