புதுப்பிப்பு: குன்னூர்ல ஸ்னூக்கர் டேபிள் மட்டும் வச்சு பூல் பழகினது என்னாச்சு

நைன் பால் (ஒம்பது நம்பர் பால் வச்சு ஆடுற பூல் ஆட்டம்) ப்ரொஃபஷனலா ஆடணும், இங்க பன்னெண்டு அடி ஸ்னூக்கர் டேபிள்தான் இருக்கு, அதுலயே பழகலாமான்னு மார்ச்ல கேட்டிருந்தேன். பதில் போட்ட எல்லாருக்கும் நன்றிங்க.

வேலை செஞ்சது, போனை பின்னாடி வச்சு வீடியோ எடுத்துப் பாருங்கன்னு ஒரு அண்ணா சொன்னதுதான். தினம் 50 நேர் ஷாட் மட்டும் அடிச்சேன், பாத்தா அடிக்கிற நேரத்துல தலை தூக்குறேன், முழங்கை வெளிய போகுது, ரெண்டு மாசம் அதையே சரி பண்ணேன். ஸ்னூக்கர் பாக்கெட் வாய் வளைஞ்சிருக்கும், கொஞ்சம் தப்பினாலும் பாலை வெளிய தள்ளிடும், அதுல பழகிட்டு கோயம்புத்தூர் போய் ஒம்பது அடி பூல் டேபிள்ல நின்னப்போ பாட் பண்றது, அதாவது பாலை பாக்கெட்ல போடுறது, அவ்ளோ ஈஸியா இருந்துச்சு.

எதிர்பாக்காதது க்யூ பால் கன்ட்ரோல், அதாவது நாம குச்சியால அடிக்கிற வெள்ளை பாலை அடுத்த ஷாட்டுக்கு வசதியான இடத்துல (பொசிஷன்) நிறுத்துறது. ஸ்னூக்கர் பால் 52.5 மில்லிமீட்டர், பூல் பால் 57.15, கனமும் ஜாஸ்தி, அதோட இங்க மூடுபனில துணி ஈரமாகி பால் மெதுவா ஓடும், அதே கைவேகத்துல அங்க அடிச்சா நிக்கவே இல்ல, ஒவ்வொரு பொசிஷனும் தாண்டிப் போச்சு. பூல் ப்ரேக்கும் (ஆட்டம் தொடங்க அடுக்கின பாலை சிதற அடிக்கிற முதல் ஷாட்) ஸ்னூக்கர் டேபிள்ல வராதுங்க. இப்போ மாசம் ரெண்டு ஞாயிறு கீழ எறங்கி ப்ரேக்கும் பொசிஷனும் மட்டும் பழகுறேன், மத்த நாள் இங்க நேர் ஷாட்தான்.