வேரியபிள் பிரேம் ரேட்: மாறு சட்டகவீதமா, சீரிலாச் சட்டகவீதமா?

அன்புள்ள குழுவினருக்கு வணக்கம்.

காணொளியில் வினாடிக்கு வரும் சட்டகங்களின், அதாவது தனித்தனிப் படங்களின், எண்ணிக்கை இடத்துக்கு இடம் மாறுவதைக் குறிக்கும் ‘வேரியபிள் பிரேம் ரேட்’ என்பதற்குத் தமிழ்ச்சொல்லாக இவ்விழையில் இதுவரை ‘மாறி சட்டக விகிதம்’, ‘மாறுபடும் பிரேம் வேகம்’, ‘மாறு சட்டகவீதம்’, ‘சீரிலாச் சட்டகவீதம்’ ஆகிய நான்கு சொற்கள் முன்வைக்கப்பட்டுள்ளன. இவற்றின் இலக்கணத்தைப் பார்ப்பதற்கு முன், சொல் குறிக்க வேண்டிய செயல்பாட்டை ஒருமுறை விரித்துப் பார்த்துவிடுவது நல்லது. எது பொருந்தும் என்பதை அந்தச் செயல்பாடே பெரும்பாலும் தீர்த்து வைத்துவிடும் என்று கருதுகிறேன்.

கைபேசிக் கேமராவில் வினாடிக்கு 30 சட்டகம் என்று அமைத்துப் படம் எடுத்தாலும், அது எப்போதும் 30 சட்டகங்களைப் பதிவதில்லை. ஒளி குறைந்த இடத்தில் ஒவ்வொரு சட்டகத்துக்கும் கூடுதல் நேரம் ஒளியை வாங்க வேண்டியிருப்பதால், பல கருவிகள் 24 வரைகூடத் தாமாகவே இறங்கிவிடுகின்றன. கருவி சூடேறினாலும் சட்டகங்கள் பிந்தக்கூடும். திரைப்பதிவுச் செயலிகள் சிலவற்றில், திரையில் எதுவும் அசையாத நேரத்தில் புதிய சட்டகமே எழுதப்படுவதில்லை. இவ்வாறு பதிவான எம்பி4 கோப்பைப் பிளேயரில் ஓட்டினால் எந்தக் குறையும் தெரியாது, ஏனெனில் ஒவ்வொரு சட்டகமும் எவ்வளவு நேரம் திரையில் நிற்க வேண்டும் என்ற கணக்கு அக்கோப்புக்குள்ளேயே ஓர் அட்டவணையாக இருக்கிறது. பிளேயர் அதைப் பார்த்தே காட்டுகிறது.

சிக்கல், காணொளியை வெட்டி ஒட்டும் தொகுப்பு மென்பொருளில்தான் தொடங்குகிறது. காட்சிகளை வரிசையாக அடுக்கும் பட்டையான அதன் காலக்கோடு சம அளவுள்ள கட்டங்களால் ஆனது. வினாடிக்கு 30 என்றால் 30 கட்டங்கள், கட்டத்துக்கு ஒரு சட்டகம். நேர அட்டவணையை மதிக்காமல் சட்டகங்களை வரிசையாக அடுக்கும் மென்பொருளில் என்ன ஆகும் என்பதை ஒரு கணக்கால் பார்க்கலாம். பத்து நிமிடப் பதிவு ஒன்றில் சராசரியாக வினாடிக்கு 29.4 சட்டகங்கள் இருப்பதாகக் கொண்டால், மொத்தம் 17,640 சட்டகங்கள். அவற்றை வினாடிக்கு 30 என அடுக்கினால் படம் 588 வினாடிகளிலேயே முடிந்துவிடும். ஒலியோ வினாடிக்கு 48,000 மாதிரிகள் என்ற ஒரே சீரில் பதிவாகியிருப்பதால் முழு 600 வினாடிகளுக்கும் நீளும். இறுதியில் 12 வினாடி வேறுபாடு வந்துவிடுகிறது. இதைவிடத் துன்பம் தருவது, அந்த வேறுபாடு பதிவு முழுவதும் ஒரே அளவில் வளர்வதில்லை என்பதுதான். வெளிச்சமான பகுதியில் வாயசைவுக்கும் ஒலிக்கும் இடையிலான விலகல் கூடாமல் அப்படியே நிற்கும், இருட்டான பகுதியில் மட்டும் வளரும். ஆகவே ஒலியை ஒரே விகிதத்தில் சுருக்கி இதைச் சரிசெய்துவிட முடியாது.

இந்தப் பின்னணியில், முன்மொழியப்பட்ட சொற்களுக்கு வருகிறேன். ‘வேகம்’ என்ற சொல் இங்கே ஆகாது. தொகுப்பு மென்பொருளில் காட்சியை விரைவாக்குவதும் மெதுவாக்குவதும் தனி வசதிகள். ‘மாறுபடும் வேகம்’ என்று கண்டவர் அந்த வசதியையே நினைப்பார். ‘விகிதம்’ என்பதையும் தவிர்க்க வேண்டும். பள்ளிக் கணிதத்தில் விகிதம் என்பது இரு அளவுகளின் ஒப்பீடு. அதே அமைப்புப் பெட்டியில், சட்டகத்தின் அகலத்துக்கும் உயரத்துக்கும் உள்ள விகிதமும் கேட்கப்படுகிறது. எனவே காலத்தை ஒட்டிய அளவுக்கு ‘வீதம்’ என்பதையும், அகல உயர ஒப்பீட்டுக்கு ‘விகிதம்’ என்பதையும் வைத்துக்கொண்டால் இரண்டும் ஒன்றையொன்று மிதிக்காது. ‘மாறி’ என்பது பெயர்ச்சொல். நிரலாக்கத்தில் அதற்கு நிலைபெற்ற பொருள் உண்டு. நமக்குத் தேவை அடை. ‘மாறு’ என்ற வினைப்பகுதி வினைத்தொகையாக நின்று மூன்று காலத்துக்கும் பொருந்துவதால், ‘மாறு சட்டகவீதம்’ என்பது மாறிய, மாறுகிற, மாறும் வீதம் எல்லாவற்றையும் ஒரே சொல்லில் அடக்கிவிடுகிறது. வினைத்தொகையில் வல்லினம் மிகாது என்பதையும் நினைவிற்கொள்ள வேண்டும். ‘மாறுச் சட்டகவீதம்’ என்று எழுதுவது பிழை.

‘சீரிலாச் சட்டகவீதம்’ என்ற பரிந்துரையை எளிதாகக் கடந்து செல்ல எனக்கு மனம் வரவில்லை. ஒலிநயத்தில் நான்கில் அதுவே சிறந்தது. ஆயினும் பொருளளவில் அது இரண்டு இடங்களில் தவறுகிறது. முதலாவது, சீரின்மை என்பது குறைபாட்டைச் சுட்டும் சொல். மாறும் வீதமோ குறைபாடு அன்று. அசையாத திரையைத் திரும்பத் திரும்ப எழுதாமல் இடத்தைச் சேமிப்பதற்காக வேண்டுமென்றே மேற்கொள்ளும் முறையாகவும் அது இருக்கிறது. இரண்டாவது காரணமே முக்கியமானது. மட்ரோஸ்கா (எம்கேவி) வகைக் காணொளிக் கோப்புகளில் நேரம் வழக்கமாக மில்லி வினாடியின் முழு எண்ணாகவே எழுதப்படுகிறது. வினாடிக்கு 30 என்று துல்லியமாகப் பதிவான காணொளியில் சட்டக இடைவெளி 33.33 மில்லி வினாடியாக இருக்க வேண்டும். முழு எண்ணாக்கும்போது அது 33, 34, 33 என்று ஏறி இறங்குகிறது. நேரக்குறிகள் சீரற்றுக் கிடந்தாலும் வீதம் நிலையாகவே உள்ளது. ‘சீரிலா’ என்ற சொல் இந்தக் கோப்பையும் சேர்த்துக் குறித்துவிடும். பயனரும் தேவையே இல்லாமல் அதை மாற்றி எழுதத் தொடங்கிவிடுவார்.

சுருக்கத்துக்காக ‘சட்டக’ என்பதை நீக்கி ‘மாறுவீதம்’ என்று மட்டும் வைத்துக்கொள்ளலாம் என்ற யோசனையையும் ஏற்க முடியவில்லை. பிட்வீதமும், அதாவது வினாடிக்குச் செலவாகும் தரவின் அளவும், மாறக்கூடியதே. மாறு பிட்வீதத்தையும் மாறு சட்டகவீதத்தையும் ஒன்றெனக் கருதி, கோப்பின் பிட்வீதத்தை நிலையாக்கிவிட்டு ஒலி ஏன் இன்னும் விலகுகிறது என்று வினவுவோரைப் பலமுறை பார்க்கிறோம். அந்தக் குழப்பத்தைத் தமிழிலும் விதைக்க வேண்டாம். ‘பிரேம்’ என்பதையே வைத்துக்கொள்ளலாம் என்போருக்கு என் மறுப்பு எதுவும் இல்லை. திரைத்துறையில் அதுவே வழக்கு. எனினும் கூட்டுச்சொற்கள் பல தேவைப்படும் இடைமுகத்தில் ‘சட்டகம்’ எளிதாக ஒட்டுகிறது.

அடுத்தது இதன் எதிர்ச்சொல். ‘மாறாச் சட்டகவீதம்’ எழுத்தில் தெளிவாக இருந்தாலும், குரல்வழிப் பாடங்களில் ‘மாறு’, ‘மாறா’ இரண்டும் காதுக்கு மிக நெருங்கிவிடுகின்றன. தவிர, ‘மாறு சட்டகவீதத்தை மாறாச் சட்டகவீதமாக மாற்றுதல்’ என்ற தொடரைப் படிப்பவர் பாதியிலேயே தடுமாறுவார். ‘நிலை’ என்ற அடை இதைத் தீர்க்கிறது என்றாலும், ‘நிலைச் சட்டகவீதம்’ என்று நேரடியாகச் சேர்த்தால் ‘நிலைச் சட்டகம்’, அதாவது உறைந்து நிற்கும் படம், என்று பிரித்துப் படிக்க இடமுண்டு. ஆகவே ‘நிலையான சட்டகவீதம்’ என்று விரித்து எழுதுவதே பாதுகாப்பானது. மாற்றும் செயலுக்கு ‘நிலைவீதமாக்கல்’ போதும். கேடென்லைவ் போன்ற தொகுப்பு மென்பொருள்கள் இத்தகைய கோப்பைச் சேர்க்கும்போது எச்சரிக்கை காட்டுகின்றன, அந்த எச்சரிக்கையைத் தமிழில் எழுதிப் பார்ப்பதே சொற்களுக்கு உரிய சோதனை: ‘இக்கோப்பு மாறு சட்டகவீதம் கொண்டது, தொகுப்பதற்கு முன் நிலைவீதமாக்கவும்.’ வாசிக்கத் தடையில்லை.

நிலைவீதமாக்கலின் உள்ளே நடப்பவற்றுக்கும் சொற்கள் தேவை. எஃப்எஃப்எம்பெக், ஹேண்ட்பிரேக் போன்ற காணொளி மாற்று மென்பொருள்கள் ஒவ்வொரு கட்டத்துக்கும் நேரத்தால் பொருந்தும் சட்டகத்தை எடுத்து வைக்கின்றன. சட்டகம் இல்லாத கட்டத்தில் முந்தையது மீண்டும் வைக்கப்படுகிறது, ஒரே கட்டத்தில் இரண்டு வந்தால் ஒன்று கைவிடப்படுகிறது. முன்னதைச் ‘சட்டக இரட்டித்தல்’ என்றும் பின்னதைச் ‘சட்டகக் கைவிடல்’ என்றும் கூறலாம். அசைவைக் கணித்துப் புதிய படங்களை உருவாக்கும் முறை வேறு. அதற்கு ‘இடைச்சட்டக ஆக்கம்’. எந்த வீதத்துக்கு நிலைவீதமாக்குவது என்பதில் சராசரியைத் தேர்ந்தெடுக்காமல், பதிவுக் கருவி இலக்காகக் கொண்ட வீதத்தையே தேர்ந்தெடுக்க வேண்டும் என்ற குறிப்பையும் உதவிப் பக்கத்தில் சேர்க்க வேண்டும், 29.4 போன்ற வீதத்தில் காலக்கோடுகள் வழக்கமாக அமைவதில்லை.

இங்கே ஒரு கண்ணி உள்ளது. ஒவ்வொரு சட்டகத்துக்கும் மணி, நிமிடம், வினாடி, சட்டகம் என எண்ணிடும் முறைகளில் ஒன்றான, 29.97 வீதத்துக்குரிய ‘டிராப் பிரேம்’ நேரக்குறி முறையில் எந்தச் சட்டகமும் கைவிடப்படுவதில்லை. எண்கள் மட்டுமே தாவப்படுகின்றன. ஒரு மணி நேரத்தில் உள்ள சட்டகங்கள் ஏறத்தாழ 1,07,892. வினாடிக்கு 30 என எண்ணினால் 1,08,000 வர வேண்டும். இந்த 108 எண்களை ஈடுசெய்ய, பத்தாவது நிமிடங்களைத் தவிர மற்ற ஒவ்வொரு நிமிடத் தொடக்கத்திலும் இரண்டு எண்கள் விடப்படுகின்றன. ஆங்கிலச் சொல்லே தவறான எண்ணத்தைத் தருவதால், இதைச் ‘சட்டகக் கைவிடல்’ என்ற சொல்லுடன் எவ்வகையிலும் தொடர்புபடுத்தாமல் ‘எண் தாவும் நேரக்குறி’ என்று பரிந்துரைக்கிறேன். ‘எண் விடு நேரக்குறி’ என்ற மாற்றும் எனக்கு உடன்பாடே. ஆனால் அதைத் தனியே காண்பவர் ‘விடு’ என்பதை ஏவலாகப் படித்துவிடுவாரோ என்ற தயக்கம் இருக்கிறது. இடைமுகத்தில் சொற்களைச் சோதித்துப் பார்த்த உறுப்பினர்கள் இது குறித்துத் தம் கருத்தைத் தெரிவிக்க வேண்டுகிறேன்.