புதுப்பிப்பு: இராமநாதபுரம் கடற்கரையில் கோயிலுக்கு அப்பால் பார்க்க வேண்டியவை

இராமேசுவரம் வருவோர் கோயிலோடும் தனுஷ்கோடியோடும் திரும்பிவிடாமல் வேறு எங்கெல்லாம் செல்லலாம் என்று முன்பு எழுதியிருந்தேன். முதியவர்களோடும் குழந்தைகளோடும் வருவோருக்கு எவை ஏற்றவை என்று பலர் கேட்டதால் இதைச் சேர்க்கிறேன்.

என் முதல் பரிந்துரை இராமநாதபுரம் அரண்மனையிலுள்ள இராமலிங்க விலாசம். இராமநாதபுரத்தை ஆண்ட சேதுபதி மன்னர்களில் ஒருவரான கிழவன் சேதுபதி காலத்தில் எழுந்த இம்மண்டபத்தின் சுவர்களில், 18ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் ஆண்ட முத்து விஜயரகுநாத சேதுபதி ஐரோப்பியரைச் சந்திக்கும் காட்சியும், தஞ்சை மராட்டியரோடு நடந்த போரும், இராமாயணக் கதையும் அடுத்தடுத்துத் தீட்டப்பட்டுள்ளன. போர்க் காட்சியின் முன் சற்று நேரம் நின்றால், நெருக்கியடித்து நிற்கும் வீரர்களும் குதிரைகளும் ஒவ்வொன்றாகக் கண்ணுக்குத் தெளிவார்கள். சுவரைத் தொட வேண்டாமென்று குழந்தைகளிடம் முன்கூட்டியே சொல்லிவிடுங்கள். அழிந்தால் மீட்க முடியாத செல்வம் அது.

இராமேசுவரத்தை அடுத்த பேக்கரும்பில் 2017 ஜூலை 27 அன்று திறக்கப்பட்ட அப்துல் கலாம் நினைவிடம் மாணவர்களுக்கு மிகவும் ஏற்றது. 1897இல் விவேகானந்தர் வந்திறங்கிய, பாம்பனை அடுத்த குந்துகால் கடற்கரை அமைதியான இடம்.

தொண்டி செல்லும் வழியிலுள்ள காரங்காட்டில் அலையாத்திக் காட்டினூடே படகில் போகலாம். சேற்றிலிருந்து விரல்களாய் நிமிர்ந்து நிற்கும் மூச்சுவேர்களைக் குழந்தைகள் அருகிலேயே பார்க்கலாம். முதியவர்கள் படகில் ஏறும்போது கைகொடுக்க ஒருவர் உடனிருப்பது நல்லது.