நெஞ்சு இறுக்கத்துக்கு இதய சி.ரி. ஸ்கான்: அப்பாவுக்கு எடுக்கலாமா?

கேள்வி – கிளிநொச்சி
வணக்கம். அப்பாவுக்கு 58 வயது. உரப்பை தூக்கும்போது நெஞ்சு இறுகுகிறது. வரம்பில் சற்று இருந்தால் தணிகிறது. ஈ.சி.ஜி.யில் பிழையில்லை என்றும், சாயம் ஏற்றி இதயக் குருதிக்குழாய்களை ஸ்கான் எடுத்துப் பார்ப்பது நல்லது என்றும் கிளினிக்கில் சொன்னார்கள். அவருக்கு நீரிழிவு உண்டு. 2009இல் பட்ட செல் (எறிகணை) துண்டொன்றும் தோளில் இருக்கிறது. கதிர்வீச்சால் புற்றுநோய் வருமோ என்று அம்மா அஞ்சுகிறார். வருத்தம் ஒன்றும் இல்லாத நானும் சேர்த்து எடுக்கலாமா?

பதில் – வவுனியா, ஸ்கான் பிரிவில் பணிபுரிபவர்
தம்பி, இந்தச் சோதனையின் கதிர்வீச்சு நவீன இயந்திரங்களில் பெரும்பாலும் 5 மில்லிசீவேட்டுக்குள் அடங்கும். இயற்கையிலிருந்தே ஒருவருக்கு ஆண்டுக்கு உலக சராசரியாக 2.4 கிடைக்கிறது. அப்பாவின் வயதில், இப்படி நெஞ்சு இறுகுபவருக்கு, அடைப்பைக் கவனியாமல் விடுவதே பெரிய ஆபத்து. என் கவலையெல்லாம் சாயத்தைப் பற்றியது. அயடீன் கலந்த அது சிறுநீரகத்தின் வழியாகவே வெளியேறுகிறது; காரணம் தெளிவாகாத சிறுநீரக நோய் காணப்படும் எங்கள் பகுதியில், அதுவும் நீரிழிவு உள்ள ஒருவர், சிறுநீரகம் எப்படி வேலை செய்கிறது என்று காட்டும் கிரியேற்றினின் அளவைக் குருதியில் பார்க்காமல் சாயம் ஏற்றிக்கொள்ளவே கூடாது. நீரிழிவுக்கு மெற்போமின் குளிசை எடுப்பவரானால் முன்கூட்டியே சொல்லுங்கள். செல் துண்டு சி.ரி.க்குத் தடையல்ல, இதயத்துக்கு அருகில் இருந்தால்தான் படத்தில் கீற்று விழும், ஆனால் எம்.ஆர்.ஐ. என்று வந்தால் கட்டாயம் தெரிவிக்க வேண்டும், காந்தம் இரும்பை அசைத்துவிடும். சாயம் ஏறும்போது உடம்பெங்கும் சூடு பரவி, சிறுநீர் போய்விட்டது போலத் தோன்றும். அது சில நொடிகளில் அடங்கிவிடும் என்று அப்பாவிடம் முதலே சொல்லி வையுங்கள்.

பதில் – முல்லைத்தீவு, மருத்துவர்
ஸ்கொட்லாந்தில் நெஞ்சுவலியுடன் வந்த 4,146 பேரிடம் நடந்து 2018இல் வெளியான ஆய்வில், வழமையான கவனிப்புடன் இந்த ஸ்கானும் எடுத்தவர்களிடையே ஐந்தாண்டுகளில் மாரடைப்பும் இதயநோய் மரணமும் 3.9 வீதத்திலிருந்து 2.3 வீதமாகக் குறைந்திருந்தன. கொழுப்பைக் குறைக்கும் குளிசைகள் உரியவர்களுக்கு உரிய நேரத்தில் தொடங்கப்பட்டதே இதற்கு முதன்மைக் காரணமாகக் கருதப்படுகிறது. ஆகவே அப்பாவுக்கு எடுப்பதே சரி.

உங்களுக்கு வேண்டாம். இவ்வளவு நுண்மையாகப் பார்க்கும் கருவி, ஒருபோதும் தொல்லை தராத சிறு கொழுப்புப் படிவையும் நுரையீரலின் ஓரத்துப் புள்ளியையும்கூடக் காட்டும்; பிறகு அதைத் தேடி மறு ஸ்கான், அதற்குமேல் குழாய் விட்டுப் பார்க்கும் சோதனை என்று செலவும் பயமும் நீளும். பிரஷர், சீனி, கொலஸ்ட்ரோல் மூன்றையும் பாருங்கள், புகைத்தால் நிறுத்துங்கள்.

கேள்வி கேட்டவர்
நன்றி ஐயா. அடைப்பு இருந்தால் உடனே ஸ்டென்ற் (குழாயைத் திறந்து வைக்கும் சிறு வலைக்குழல்) வைக்க வேண்டுமா?

மருத்துவர்
எப்போதும் இல்லை. நிலையான நெஞ்சுவலியில் ஸ்டென்ற் வலியைக் குறைக்கும். ஆனால் பெரும்பாலானோருக்கு ஆயுளைக் கூட்டுவதில்லை என்று 2020இல் வெளியான பெரிய ஆய்வு காட்டியது. இடப்பக்க முதன்மைக் குழாயில் அடைப்பு என்றால் கதை வேறு. ஸ்கான் திகதி வருவதற்குள் ஓய்விலும் இறுக்கம் தணியாமல் வியர்த்தால், காத்திருக்காமல் 1990 அம்புலன்ஸ் சேவையை அழையுங்கள்.