கால் டீடாக்ஸ்: தொட்டித் தண்ணீர் கறுப்பது எதனால்?

பவானிக்காரன்:
அம்மாவுக்கு 67 வயது, பதினைந்து வருடமாகச் சர்க்கரை. எங்கள் தெருமுனை பார்லரில் 'கால் டீடாக்ஸ்' இயந்திரம் ஒன்று வந்திருக்கிறது. வெதுவெதுப்பான தண்ணீரில் உப்புப் போட்டுக் காலை வைக்கச் சொல்கிறார்கள். பக்கத்திலேயே உருளை மாதிரி ஒன்றை இறக்கி சுவிட்சைப் போடுகிறார்கள். அரை மணி நேரத்தில் தண்ணீர் காவி நிறமாகி, அப்புறம் டிகாஷன் மாதிரி கறுத்துவிடுகிறது. சுவரில் ஓர் அட்டை: ஆரஞ்சு என்றால் மூட்டுக் கழிவு, கறுப்பு என்றால் கல்லீரல், பச்சை என்றால் பித்தப்பை. ஒரு தடவை போய் வந்த அம்மா, "எவ்வளவு அழுக்கு பாத்தியாடா" என்று இரண்டு நாளாக அதே பேச்சு. பத்து சிட்டிங்குக்கு 6,000 ரூபாயாம். கட்டலாமா?

செவ்வந்தி:
தாராளமாகக் கட்டுங்கள் தம்பி. நான் ஆறு சிட்டிங் முடித்துவிட்டேன். மாலையில் கணுக்கால் வீங்கும், இப்போது அவ்வளவாக இல்லை. தூக்கமும் வருகிறது. முதல் நாள் தண்ணீர் கன்னங்கரேல் என்று இருந்தது, ஆறாவது நாள் இளமஞ்சள்தான். கண்ணால் பார்த்ததைச் சொல்கிறேன்.

முலாம்பட்டறை மணி:
பணத்தைக் கட்டாதீர்கள். நான் முலாம் பூசும் பட்டறை வைத்திருக்கிறேன், இருபத்திரண்டு வருடமாக இதுதான் பிழைப்பு. நீங்கள் சொல்லும் தொட்டி எங்கள் டேங்கின் சின்னத் தம்பி. உப்புத் தண்ணீர், இரண்டு உலோகத் தகடு, டிசி கரண்ட். அவ்வளவுதான். நேர்மின்வாயில் இருக்கும் இரும்பு கரையும், தண்ணீரோடு சேர்ந்து இரும்பு ஹைட்ராக்சைடாக மாறும். தமிழில் சொன்னால் துரு. முதலில் பச்சை சாயலில் இருக்கும், காற்றுப் பட்டதும் காவி, கூடினால் கறுப்பு. நுரை வருவது ஹைட்ரஜன் குமிழியும் காலில் இருக்கும் எண்ணெய்ப் பிசுக்கும் சேர்ந்து. லேசாக நீச்சல்குளம் மாதிரி வாடை அடித்ததா? அது உப்பிலிருந்து வரும் குளோரின்.

காலை எடுத்துவிட்டு ஒரு தடவை ஓட்டிக் காட்டச் சொல்லுங்கள். அதே கறுப்பு வரும்.

செவ்வந்தி:
கால் இல்லாவிட்டாலும் அதே நிறம் என்றால், எனக்கு ஒவ்வொரு சிட்டிங்கிலும் நிறம் குறைந்தது எப்படி? நான் ஒன்றும் படிக்காதவள் இல்லை மணி சார்.

முலாம்பட்டறை மணி:
உங்கள் படிப்பை யாரும் குறை சொல்லவில்லை அக்கா. உப்பு எத்தனை சிட்டிகை என்று யாராவது அளந்தார்களா? உப்புக் கூடினால் கரண்ட் கூடும், கரண்ட் கூடினால் துரு கூடும். போர் தண்ணீர் ஊற்றினால் ஒரு நிறம், ஆர்ஓ தண்ணீர் ஊற்றினால் வேறு நிறம். தகடு தேய்ந்தாலும் நிறம் இளகும். ஆறு நாளும் அதே தண்ணீர், அதே உப்பு, அதே தகடு என்று உங்களால் சொல்ல முடியுமா?

நலம்நாடி:
இந்த இயந்திரத்தை வைத்து நான்கு வருடமாக மையம் நடத்துகிறேன். துரு கொஞ்சம் வரும், மறுக்கவில்லை. ஆனால் காலை வைத்தால் நிறம் அழுத்தமாக வருவதை நானே பார்த்திருக்கிறேன். உள்ளங்காலில்தான் வியர்வைச் சுரப்பிகள் நெருக்கமாக இருக்கின்றன, அந்த வழியாகக் கழிவு இறங்குகிறது. ஆயிரக்கணக்கானோர் பயன்படுத்துவது சும்மாவா? தகட்டு உருளையை நாங்கள் ஒழுங்காக மாற்றியும் விடுகிறோம். தேய்ந்த உருளையில் பலன் கிடைக்காது.

முலாம்பட்டறை மணி:
நலம்நாடி ஐயா, நீங்களே சொல்லிவிட்டீர்கள். உருளை தேய்கிறது, மாற்றுகிறீர்கள். தேய்ந்த இரும்பு எங்கே போயிற்று? தொட்டிக்குள்தான். அதைத்தான் கல்லீரல் கழிவு என்று அட்டையில் எழுதி வைத்திருக்கிறீர்கள். காலை வைத்தால் நிறம் கூடுகிறது என்கிறீர்கள், சரி. வியர்வையில் உப்பு இருக்கிறது, அந்த உப்பும் தண்ணீரில் சேர்கிறது.

இதை நான் மட்டும் சொல்லவில்லை. பென் கோல்டேக்ர் என்ற பிரிட்டிஷ் மருத்துவர் 2004-இல் கார்டியன் பத்திரிகையில் எழுதினார். நண்பரை இந்தச் சிகிச்சைக்கு அனுப்பி, சுவிட்ச் போடும் முன்னும் பின்னும் தண்ணீரை எடுத்து ஆய்வகத்துக்குக் கொடுத்தார். லிட்டருக்கு 0.54 மில்லிகிராமாக இருந்த இரும்பு 23.6 ஆனது. அப்புறம் வீட்டில் பார்பி பொம்மையின் காலை உப்புத் தண்ணீரில் வைத்து, ஆணிகளில் கரண்ட் விட்டுப் பார்த்தார்: லிட்டருக்கு 97 மில்லிகிராம் இரும்பு. பொம்மைக்கு ஏது கல்லீரல்? மனிதக் கழிவு இறங்கினால், சிறுநீரில் போகும் கழிவுகளான யூரியா, கிரியாட்டினின் இருக்க வேண்டுமே, அந்தச் சிகிச்சைத் தண்ணீரில் இரண்டையும் காணோம்.

நலம்நாடி:
அலோபதிக்காரர்கள் இயற்கை மருத்துவத்தை எப்போது ஏற்றார்கள்?

முலாம்பட்டறை மணி:
அப்படியானால் இயற்கை மருத்துவர்கள் செய்ததையே பாருங்கள். டொரன்டோவில் உள்ள இயற்கை மருத்துவக் கல்லூரி ஆய்வாளர்களே இதைச் சோதித்து 2012-இல் வெளியிட்டார்கள். ஆறு பேர்தான், சின்ன ஆய்வு, ஒத்துக்கொள்கிறேன். தொட்டித் தண்ணீர், சிறுநீர், தலைமுடி எல்லாவற்றிலும் உலோகத்தை அளந்தார்கள். கால் வழியாக நச்சு உலோகம் இறங்குகிறது என்பதற்கு ஆதாரம் கிடைக்கவில்லை. சாதகமாக வந்திருந்தால் கொண்டாடியிருக்கக் கூடியவர்கள் அவர்கள்.

குழலி:
நடுவில் ஒரு கேள்வி. ராத்திரி உள்ளங்காலில் ஒட்டிக்கொண்டு தூங்கும் பட்டையும் இதே கதைதானா? காலையில் உரித்தால் தார் மாதிரி இருக்கிறது.

முலாம்பட்டறை மணி:
அதில் பெரும்பாலும் மூங்கில் வினிகர் தூள்தான். ஈரம் பட்டால் கறுக்கும். வியர்வை வேண்டாம், ஒரு சொட்டுக் குழாய்த் தண்ணீர் விட்டுப் பாருங்கள். கினோக்கி என்ற பட்டையை விற்றவர்கள் மீது அமெரிக்க அரசின் வணிக ஆணையம் 2009-இல் வழக்குப் போட்டது. மறு வருடமே அவர்கள் இனி விற்கக் கூடாது என்று உத்தரவு வந்தது.

வார்டு அக்கா:
துருவா கழிவா என்று நீங்கள் சண்டை போடுங்கள், எனக்கு வேறு கவலை. பவானிக்காரன் தம்பி, அம்மாவுக்குப் பதினைந்து வருடச் சர்க்கரை என்கிறீர்கள். நான் சர்க்கரைக் கால் புண் வார்டில் வேலை பார்க்கிறவள். நரம்பு மரத்துப்போனவர்களுக்குத் தண்ணீர் கொதித்தாலும் தெரியாது. "சுகமாக இருக்கிறது" என்று சொல்லிக்கொண்டே தோல் வெந்து வந்தவர்களைப் பார்த்திருக்கிறேன். அரை மணி நேரம் ஊறினால் தோல் நொய்ந்து வெடிப்புப் பெரிதாகும், அதன் வழியாகக் கிருமி போகும். சர்க்கரைக்காரர்கள் காலை ஊறவைக்கவே கூடாது, கழுவித் துடைக்க வேண்டும், விரலிடுக்கிலும் ஈரம் நிற்கக் கூடாது. பேஸ்மேக்கர் வைத்தவர்கள் அந்தக் கரண்ட் தொட்டி பக்கமே போக வேண்டாம்.

இன்றைக்கு ராத்திரி அம்மாவின் பாதத்தை விளக்கு வெளிச்சத்தில் பாருங்கள். செவ்வந்தி, உங்களுக்கும் சொல்கிறேன். கணுக்கால் வீக்கம் இதயம், சிறுநீரகம், ரத்தக் குழாய் எதனாலும் வரலாம். ரத்த அழுத்தமும் சிறுநீரும் ஒரு தடவை பார்த்துவிடுங்கள். நச்சை வெளியேற்ற நமக்குக் கல்லீரலும் சிறுநீரகமும் இருக்கின்றன. சிறுநீரகம் ஒரு நாளைக்குச் சுமார் 180 லிட்டர் வடிகட்டுகிறது. உண்மையிலேயே ஈயமோ பாதரசமோ உடம்பில் ஏறினால் அதற்கு ஆஸ்பத்திரியில் தனி மருந்து உண்டு.

செவ்வந்தி:
அக்கா சொன்னதைக் கேட்கிறேன். ஆனால் எனக்குத் தூக்கம் வந்தது பொய்யில்லை.

முலாம்பட்டறை மணி:
பொய் என்று யார் சொன்னது? நாள் முழுக்க நின்றுவிட்டு, அரை மணி நேரம் சாய்ந்து உட்கார்ந்து, வெந்நீரில் கால் வைத்தால் எனக்கும்தான் தூக்கம் வரும். அதற்கு வீட்டு பக்கெட் போதும், கரண்ட் எதற்கு?

நலம்நாடி:
விளக்கம் கேட்பவர்கள் என் மையத்துக்கு வரலாம். இங்கே வாதாட நேரமில்லை.

முலாம்பட்டறை மணி:
வருகிறேன் ஐயா. காலைக் கழற்றி வைத்துவிட்டு வரட்டுமா?

பவானிக்காரன்:
மூன்று நாள் கழித்து வருகிறேன். அன்றைக்கே பாதத்தைப் பார்த்தேன். வலது குதிகாலில் வெடிப்பு, லேசாக ரத்தக் கசிவு. எப்போது ஆனது என்று அம்மாவுக்கே தெரியவில்லை. மறுநாளே டாக்டரிடம் காட்டினோம், மருந்து போட்டு, நடக்கும் செருப்பையும் மாற்றச் சொன்னார்.

நேற்று அம்மாவையும் கூட்டிக்கொண்டு பார்லருக்குப் போனேன். அந்தப் பெண் முகம் சுளிக்காமல் கால் இல்லாமல் ஓட்டிக் காட்டினார். இருபது நிமிடத்தில் காவி, அப்புறம் கறுப்பு. "போன தடவை என் கால்ல இருந்து வந்தது ஒட்டியிருக்கும்" என்றார் அம்மா. தொட்டியைச் சோப்புப் போட்டுக் கழுவி, புதுத் தண்ணீரில் மறுபடியும் ஓட்டினார். அதே கறுப்பு. பார்லர் பெண்ணுக்கே முகம் மாறிவிட்டது, பாவம், கடன் வாங்கி வாங்கிய இயந்திரமாம். வழி முழுக்க அம்மா பேசவில்லை. வாசலில் செருப்பைக் கழற்றும்போதுதான், "ஆனாலும் காலுக்குச் சுகமாத்தாண்டா இருந்துச்சு" என்றார். வெடிப்பு ஆறட்டும், அப்புறம் நானே எண்ணெய் தேய்த்து விடுவதாகச் சொல்லியிருக்கிறேன்.

வார்டு அக்கா:
தேய்த்து விடுங்கள். விரலிடுக்கில் மட்டும் எண்ணெய் வேண்டாம்.

செவ்வந்தி:
நான் சிறுநீர்ப் பரிசோதனைக்குக் கொடுத்திருக்கிறேன். மிச்சம் நாலு சிட்டிங்குக்குப் பணம் கட்டியாயிற்று, அதையும் முடித்துவிடுவேன். அங்கே நாற்காலி நன்றாக இருக்கிறது.