உடம்பை விரித்து மிரட்டுபவர்கள்: நீங்கள் கண்டது என்ன?

கோண்டாவிலிலிருந்து:
எங்கள் ஒழுங்கையில் எல்லைத் தகராறு வந்தபோது கண்டதைச் சொல்கிறேன். வேலிக் கதியால் அரையடி தள்ளிப் போட்டுவிட்டோம் என்று பக்கத்துக் காணிக்காரர் வந்தார். வாய் திறக்கும் முன்பே சாரத்தை முழங்காலுக்கு மேல் மடித்துக் கட்டினார். படலையின் நடுவில் காலை அகட்டி, இரண்டு கைகளையும் இடுப்பில் ஊன்றி, முழங்கைகள் இருபுறமும் புடைக்க நின்றார். நடுத்தர உடம்புதான், ஆனாலும் அவரைத் தாண்டி ஒழுங்கைக்கு இறங்க வழியில்லை. அவர் போட்ட சத்தத்தைவிட, வழி அடைபட்டதுதான் என்னைக் கலக்கியது.

அம்மா விறாந்தையில் கதிரையை இழுத்துப் போட்டு, "உள்ளே வந்து இருந்து கதையுங்கள், தம்பி" என்றார். வயதில் மூத்தவர் கூப்பிட்டால் தட்ட முடியாதே! இருந்ததும் கைகள் மடிக்கு வந்தன. மடித்த சாரத்தையும் அவரே இறக்கிவிட்டார். மறுநாள் காணி உறுதியோடு வந்து அளவு பார்த்தார்.

வடமராட்சியிலிருந்து:
உங்கள் அம்மா செய்ததே சரி. நாங்கள் வண்டிச் சவாரி மாடு வளர்ப்பவர்கள். நாம்பன் (காளை) மிரட்டும்போது எடுத்த எடுப்பில் பாயாது. பக்கவாட்டில் திரும்பி, முதுகை வளைத்து, தலையைத் தாழ்த்தி, தன் முழு நீளத்தையும் காட்டும். நாகம் கழுத்து விலா எலும்புகளை விரித்துப் படமெடுக்கிறது. பூனை மயிரைச் சிலிர்க்கிறது. சண்டையில் வென்றாலும் காயம் மிஞ்சும் என்பதால், காட்டியே எதிரியைக் கலைக்கப் பார்க்கின்றன. அந்த நேரத்தில் மாட்டை மூலைக்குள் மடக்கிவிடாதே என்று அப்பா படித்துப் படித்துச் சொல்வார்.

யாழ் நகரிலிருந்து:
நேர்முகத் தேர்வுக்கு முன் இப்படிக் கையூன்றி இரண்டு நிமிடம் நின்றால் ஓமோன்களே மாறும் என்று பயிற்சி வகுப்புகளில் சொல்கிறார்கள். தயவுசெய்து நம்பாதீர்கள். அதற்கு அடிப்படை, 2010இல் அமெரிக்காவில் 42 பேரை வைத்துச் செய்த ஆய்வு. 2015இல் 200 பேரை வைத்துச் சோதித்தபோது ஓமோன் மாற்றம் எதுவும் தெரியவில்லை. துணிவு கூடியதுபோல் உணர்ந்தார்கள், அவ்வளவுதான். முதல் ஆய்வை எழுதியவர்களில் ஒருவரான டானா கார்னியே 2016இல் அந்த முடிவைக் கைவிட்டார்.

அலுவலகத்தில் மேலதிகாரி ஒருவர் என் மேசையில் இரு கைகளையும் ஊன்றி, தலைக்கு மேல் கவிந்துதான் பேசுவார். இப்போதெல்லாம் அவர் வந்ததும் எழுந்து, கோப்பை விரித்துக் காட்டியபடி பதில் சொல்கிறேன். கோப்பு விரிய இடம் வேண்டும். கையை எடுத்துக்கொண்டு ஓரடி பின்னால் போகிறார்.