8700கே சூடு 100 டிகிரியைத் தொடுகிறது, எந்த ஹீட்சிங்க் வாங்கலாம்?

வைகைக்கரை:
வணக்கம். இன்டெல் ஐ7 8700கே பிராசசரை ஓவர்கிளாக் செய்து, அதாவது வழக்கமான வேகத்துக்கு மேலே ஏற்றி, 5.0 கிகாஹெர்ட்ஸில் ஓடவிட்டிருக்கிறேன். பிளெண்டர் என்ற முப்பரிமாண மென்பொருளில் ரெண்டர் போட்டால் மூன்றாவது நிமிடம் 100 டிகிரி, வேகம் தானாக இறங்குகிறது. சூட்டை இழுத்து வெளியேற்ற நல்ல ஹீட்சிங்க் ஒன்று சொல்லுங்கள். அவசரம், திங்கட்கிழமை வேலையைக் கொடுக்க வேண்டும்.

ஏழாம்_கோர்:
இப்போது மாட்டியிருப்பது எது? வோல்டேஜ் எவ்வளவு? கேபினட் என்ன மாடல்? அறையில் ஏசி உண்டா?

மின்விசிறி_மணி:
நாக்டுவா என்எச்-டி15. கண்ணை மூடிக்கொண்டு வாங்குங்கள்.

ஏழாம்_கோர்:
மணி, அது 165 மி.மீ. உயரம். கேபினட் கதவு மூடாவிட்டால் என்ன செய்வார்? முதலில் பிராசசர் மேற்புறத்திலிருந்து கதவு வரை ஸ்கேல் வைத்து அளக்கட்டும். ராம் உயரமாக இருந்தால் முன்விசிறி இடிக்கும், அதையும் பார்க்க வேண்டும்.

நீரோட்டம்:
240 மி.மீ. ஏஐஓ (தண்ணீரால் குளிர்விக்கும் செட்) போட்டுவிடுங்கள், இந்த உயரப் பிரச்சினையே வராது.

சிலிக்கான்_சித்தர்:
அடிப்படை தெரியாமல் ஓவர்கிளாக்கில் கை வைக்கக் கூடாது தம்பி. பெட்டியில் போட்டிருக்கும் 95 வாட், 3.7 கிகாஹெர்ட்ஸ் என்ற அடிப்படை வேகத்துக்கான கணக்கு. மின்செலவு வோல்டேஜின் வர்க்கத்தோடு ஏறும்: 1.2 வோல்ட்டை 1.4 ஆக்கினால் அதில் மட்டும் 36 சதவீதம் கூடுதல், வேகம் ஏறியதற்குத் தனி. பயாஸில் (மதர்போர்டின் அமைப்புத் திரை) வோல்டேஜை 'ஆட்டோ' என்று விட்டிருப்பீர்கள். இன்னொன்று, இந்தச் சில்லுக்கும் அதன் உலோக மூடிக்கும் நடுவே இருப்பது வெப்பம் கடத்தும் பேஸ்ட், உருக்கி ஒட்டும் சால்டர் இல்லை. சூடு மூடிக்கு வரவே திணறும்போது மேலே எத்தனை பெரிய ஹீட்சிங்க் வைத்தாலும் ஓரளவுக்குத்தான்.

நீரோட்டம்:
அப்படியானால் மூடியைப் பெயர்த்துத் திரவ உலோகம் போடலாமே. என் 8700கே-வில் 15 டிகிரிக்கு மேல் குறைந்தது.

மின்விசிறி_மணி:
அவசரத்தில் இருப்பவருக்குச் சொல்கிற யோசனையா இது? கை தவறினால் பிராசசரே போய்விடும்.

சிலிக்கான்_சித்தர்:
திரவ உலோகத்தில் காலியம் இருக்கிறது, அலுமினியத்தை அரித்துவிடும். சிதறி மதர்போர்டில் பட்டால் ஷார்ட். புதியவர்களிடம் இதைச் சொல்லாதீர்கள்.

நீரோட்டம்:
மூடி நிக்கல் பூசிய செம்பு, அதை அரிக்காது. சுற்றியுள்ள சின்ன பாகங்களின் மேல் நெயில் பாலிஷ் தடவிவிட்டுத்தான் போடுவோம். செய்து பார்த்தவன் சொல்கிறேன்.

கடைத்தெரு_குமார்:
அண்ணே, இரண்டு பேரும் தனி இழையில் பேசிக்கொள்ளுங்கள். வைகைக்கரை, எதையும் வாங்கும் முன் இருக்கும் ஹீட்சிங்க்கைக் கழற்றி அடியைப் பாருங்கள். பேஸ்ட் முழுக்க மெல்லிசாகப் பரவியிருக்க வேண்டும். ஒரு ஓரம் தடித்து, மறு ஓரம் வெறும் உலோகமாகத் தெரிந்தால் திருகு சமமாக இறங்கவில்லை. குறுக்காக மாற்றி மாற்றி, ஒவ்வொன்றையும் அரைச் சுற்றாக முறுக்குங்கள். ரிப்பேருக்கு வருகிற பெட்டிகளில் அடிப்பக்க பிளாஸ்டிக் தாளை உரிக்காமலே மாட்டியதைக்கூடப் பார்த்திருக்கிறேன்.

ஏழாம்_கோர்:
குமார் சொன்னதைச் செய்துவிட்டு, வோல்டேஜையும் இங்கே போடுங்கள்.

வைகைக்கரை (இரண்டு நாள் கழித்து):
மன்னிக்கவும், ரெண்டர் ஓடிக்கொண்டிருந்தது. மாட்டியிருந்தது நான்கு பைப் டவர் ஹீட்சிங்க், 120 மி.மீ. விசிறி. வோல்டேஜ் ஆட்டோவில் 1.41 காட்டியது. கழற்றினேன்: இடது ஓரத்தில் பேஸ்ட் படவே இல்லை. மறுபடி மாட்டி, 4.8 கிகாஹெர்ட்ஸ், 1.27 வோல்ட் வைத்தேன். ஏசி இல்லாத அறையில் 86 டிகிரி. கதவு வரை 160 மி.மீ.தான் இருக்கிறது, டி15 உள்ளே போகாது. குமார் அண்ணனுக்கு நன்றி.